மரச்சட்டச் சுவர்

வீடு கட்டுவது பற்றி நம்மவர் பேசத் தொடங்கினால், சுவர் எத்தனை கனம் என்ற கேள்விதான் முதலில் எழும். காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சுவர் எழுப்பினோம். கொங்கு நாட்டில் கருங்கல்லும், சிற்றூர்களில் குழைத்த மண்ணும் அதே வேலையைச் செய்தன. இவ்விடங்களிலெல்லாம் கூரையின் பாரத்தைச் சுவரே தாங்குகிறது. சுவர் தடித்திருந்தால் வீடு உறுதியாயிருக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக நாம் கண்டறிந்த உண்மை. மரத்தைத் தூணுக்கும் கூரைக்கும் கதவு நிலைக்கும் பயன்படுத்தினோமேயன்றிச் சுவருக்கென்று அதை நாம் பெரிதும் நாடவில்லை.

உத்தியோகத்தின் பொருட்டும் வாணிபத்தின் பொருட்டும் பிற மாநிலங்களில் குடியேறிய நம் மக்கள், அங்கே வேறு விதமான வீடுகளைக் காண்கிறார்கள். கௌகாத்தியிலும் ஷில்லாங்கிலும் பழைய வீட்டின் சுவரை விரலால் தட்டினால் உள்ளே ஏதோ கூடு போன்ற ஓசை கேட்கும். ஸ்ரீநகரின் பழைய தெருக்களில் மேல்மாடிச் சுவர் நான்கு விரற்கடை கனமே இருக்கும். அந்தமான் தீவுகளில் பலகைச் சுவர் வீடுகள் பல. இவற்றைக் கண்டதும், இதுவும் ஒரு சுவரா, புயலுக்கும் திருடனுக்கும் இது எம்மாத்திரம் என்ற ஐயம் நம்முள் எழுவது இயற்கை. கையில் சிறிது பணம் சேர்ந்ததும் இந்த மெல்லிய சுவரை இடித்துவிட்டு, ஊரில் உள்ளது போலத் தடித்த செங்கற் சுவர் ஒன்றை வைத்துவிட வேண்டும் என்ற எண்ணமும் பின்தொடர்கிறது.

அந்த எண்ணம் சில சமயம் உயிருக்கே ஆபத்தாக முடியும். மரச்சட்டச் சுவரின் உறுதி அதன் கனத்தில் இல்லை. அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் முறையில் இருக்கிறது. அந்தப் பிணைப்பை அறியாமல் ஒரு கட்டையை அறுத்தாலும், ஒரு பகுதியில் செங்கல்லை ஏற்றினாலும், வீட்டின் நிலை கெடும். ஆதலின் இச்சுவரின் அடிப்படைகளை இங்கே ஆராய்வோம். தச்சுத்தொழில் நம்மில் பலருக்கு வராது; ஆனால், தச்சர் செய்வது சரியா தவறா என்று கண்டு கேட்கும் அறிவு வீட்டுக்கு உடையவர் அனைவருக்கும் வேண்டும்.

நம் ஊரில் கலியாணத்துக்குப் பந்தல் போடுவதை நினைத்துப் பார்ப்போம். முதலில் கால்களை நடுகிறார்கள். அவற்றின் தலைகளை இணைத்து நீளக் கழிகளைக் கட்டுகிறார்கள். அதன்மேல் கீற்று வேய்கிறார்கள். பக்கங்களில் தட்டியோ துணியோ கட்டி மறைக்கிறார்கள். பந்தலின் பாரத்தைத் தாங்குவன கால்களே; பக்கத் தட்டி வெயிலையும் காற்றையும் தடுக்கிறது. மரச்சட்டச் சுவரின் தத்துவமும் இதுவே. தாங்குவது சட்டம், மறைப்பது நிரப்பு. இவ்விரண்டையும் பிரித்து அறிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

சட்டத்தின் உறுப்புகளைக் கீழிருந்து மேலாகக் காண்போம். கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய அடித்தளத்தின் மேல் படுக்கையாகக் கிடக்கும் கனமான கட்டையை அடிக்கட்டை என்போம். அதன்மேல் மூலைதோறும் நிமிர்ந்து நிற்பவை மூலைத்தூண்கள். இரண்டு மூலைத்தூண்களுக்கும் நடுவே ஒரே அளவான இடைவெளியில் நிற்பவை இடைக்கால்கள். இவை அனைத்தின் தலைகளையும் இணைத்து மேலே செல்வது மேற்கட்டை. கூரைக் கைமரங்கள் இதன்மேல்தான் அமர்கின்றன. கால்களுக்கு இடையே நடு உயரத்தில் படுக்கையாக அடிக்கப்படுபவை குறுக்குக்கட்டைகள். கால்கள் பக்கவாட்டில் வளையாமல் இவை காக்கின்றன. மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாகச் செல்வது சாய்கட்டை. கதவும் சன்னலும் வரும் இடங்களில் கால்களை நிறுத்த இயலாதாகையால், திறப்பின் மேலே ஒரு கனத்த உத்தரம் வைத்து, அதன் இரு முனைகளையும் இரட்டைக் கால்கள் தாங்குமாறு செய்கிறார்கள்.

கூரையின் பாரம் இறங்கிச் செல்லும் வழியும் இதனால் விளங்கும். கூரைத் தகட்டின் பாரம் கைமரத்துக்கும், கைமரத்தின் பாரம் மேற்கட்டைக்கும், மேற்கட்டையின் பாரம் கால்களுக்கும், கால்களின் பாரம் அடிக்கட்டைக்கும், அங்கிருந்து அடித்தளத்துக்கும், முடிவில் பூமிக்கும் சேர்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பாரம் நடுவழியில் திகைத்து நிற்கும். அங்கே மரம் வளையும் அல்லது பிளக்கும். கைமரம் ஒவ்வொன்றும் ஒரு காலுக்கு நேர் மேலே அமர வேண்டும் என்று நல்ல தச்சர் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

மரத்துக்கு ஓர் இயல்பு உண்டு. நார் ஓடும் திசையில் அது பெரும் பாரத்தைத் தாங்கும். நாருக்குக் குறுக்கே அழுத்தினால் நசுங்கும். நிமிர்ந்து நிற்கும் கால், நாரின் திசையிலேயே பாரத்தை ஏற்பதால், மெல்லியதாயினும் உறுதியாக நிற்கிறது. ஒரு தளமுள்ள சாதாரண வீட்டில், 4 முதல் 5 சென்டிமீட்டர் கனமும் 9 முதல் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கால்களை 40 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்துவது உலகின் பல நாடுகளிலும் உள்ள வழக்கம். அகலமான பக்கம் சுவரின் கனத்தை நோக்கியிருக்குமாறு காலை நிறுத்த வேண்டும். அப்போதுதான் வெளியிலிருந்து மோதும் காற்றுக்கு அது வளையாது நிற்கும்.

மேலிருந்து வரும் பாரத்துக்கு இவ்வளவு போதும். பக்கத்திலிருந்து வரும் விசைக்கு இது போதாது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான்கு குச்சிகளை எடுத்து, மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்துச் சதுரமாக்கிக் கொள்வோம். நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்தினால் அது தாங்கும். பக்கவாட்டில் மெல்லத் தள்ளினாலோ உடனே சாய்ந்து கோணலாகிவிடும். குச்சி எதுவும் ஒடியவில்லை, ஆணி எதுவும் கழன்றுவிடவில்லை. ஆயினும் சதுரம் சரிந்துவிட்டது. இப்போது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஐந்தாவது குச்சி ஒன்றை வைத்து அடித்துவிட்டுத் தள்ளிப் பார்ப்போம். சட்டம் அசையாது. சதுரம் இப்போது இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாத வரையில் முக்கோணத்தின் வடிவம் மாற இயலாது. நாற்கோணத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சாய்கட்டையின் பெருமை இதில் அடங்கியிருக்கிறது. புயற்காற்றும் நிலநடுக்கமும் வீட்டைப் பக்கவாட்டில்தான் தள்ளுகின்றன. தள்ளும் திசையும் நிலையானதன்று. ஒரு நொடி கிழக்கே, மறு நொடி மேற்கே. ஒரே சாய்கட்டை இருந்தால், ஒரு திசையில் தள்ளும்போது அது அழுந்தி எதிர்த்து நிற்கும். மறு திசையில் தள்ளும்போது இழுபடும். அழுத்தத்தை மரமே தாங்கிக்கொள்ளும். இழுவிசையை முனையிலுள்ள ஆணிகள்தாம் தாங்க வேண்டும், ஆணிகள் கழலக்கூடும். ஆதலின் ஒவ்வொரு சுவரிலும் இரண்டு எதிர்த் திசைகளில் சாய்கட்டைகள் இருப்பது முறை. தரையோடு சுமார் 45 பாகைக் கோணத்தில் அவை செல்வது நலம். நான்கு சுவர்களிலும் அவை வேண்டும்; தெருவை நோக்கிய சுவரில் சன்னல்கள் பல என்று அங்கே மட்டும் விட்டுவிட்டால், வீடு அந்தப் பக்கத்தில் பலவீனமாகும். இதே காரணத்தால் கதவையும் சன்னலையும் மூலைக்கு மிக அருகில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். சட்டத்தின் மேல் பலகைகளை நெருக்கமாக வைத்து ஆணியறைந்தால், அந்தப் பலகைத் தோலும் கோணலைத் தடுக்கும் வேலையை ஓரளவு ஏற்கிறது.

இனி இணைப்புகளைப் பார்ப்போம். மரம் ஒடிந்து விழும் வீடுகளைவிட இணைப்புக் கழன்று விழும் வீடுகள் அதிகம். நம் தச்சர் கதவு நிலைக்குச் செய்வது போல, ஒரு கட்டையின் முனையைச் செதுக்கிக் கழுந்தாக்கி, மற்றொரு கட்டையில் பொளிந்த துளையில் செருகி, குறுக்கே மரமுளை அறைந்து இறுக்குவது பழைய முறை. ஆணியும் மரையாணியும் இரும்புப் பட்டையும் கொண்டு பிணைப்பது பிற்கால முறை. எதுவாயினும் சில விதிகள் பொது. மெல்லிய கட்டையைத் தடித்த கட்டையோடு சேர்த்து அறைய வேண்டும். தடித்ததை மெல்லியதில் அறைதல் கூடாது. நாரின் குறுக்கே இறங்கும் ஆணி பிடித்து நிற்கும். கட்டையின் வெட்டு முனையில் நாரோடு நாராக இறங்கும் ஆணி எளிதில் பிடுங்கிக்கொள்ளும். கட்டையின் விளிம்புக்கு மிக அருகில் ஆணியறைந்தால் மரம் பிளக்கும். கடின மரமாயின் முதலில் சிறு துளையிட்டுக்கொள்வது நல்லது. அடிக்கட்டையை அடித்தளத்தோடு மரையாணிகளால் பிணைக்காவிட்டால், மேலே எத்தனை நுட்பமான வேலை இருந்தும் பயனில்லை. நிலம் அசையும்போது சட்டம் முழுவதும் தளத்திலிருந்து நழுவி இறங்கிவிடும்.

சட்டம் நின்ற பின் நிரப்பு வருகிறது. இதில் ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் வழக்கம் உண்டு. அஸ்ஸாமிலும் மேகாலயத்திலும் சன்னலின் அடிமட்டம் வரை செங்கற் சுவரோ கற்சுவரோ எழுப்புகிறார்கள். அதற்குமேல் மரச்சட்டம், சட்டத்தின் கட்டங்களில் இக்ரா என்னும் நாணல் வகையை நெருக்கமாக நிறுத்தி, இரு புறமும் சாணம் கலந்த மண்ணோ சுண்ணாம்போ பூசுகிறார்கள், பிற்காலத்தில் சிமெண்டுப் பூச்சும் வந்தது. மேலே சரிந்த கூரையில் நெளிதகரம். இதற்கு அஸ்ஸாம் வகை வீடு என்றே பெயர். காஷ்மீரத்தில் சட்டத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, சாய்கட்டைகளையும் நிறைய வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் மண்சாந்தில் பதித்த செங்கல்லாலோ சிறு கற்களாலோ நிரப்புகிறார்கள். இதனைத் தஜ்ஜி தீவாரி என்பர். தீவார் என்றால் சுவர். கிழிந்த துணித்துண்டுக்கு இந்தியில் தஜ்ஜி என்று பெயர் என்பதை வடநாட்டில் வாழும் நேயர்கள் அறிவர். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வையைப் போலக் காட்சியளிக்கும் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. அந்தமானில் நிரப்புக்குப் பதிலாகப் பலகை. மேற்பலகையின் அடி விளிம்பு கீழ்ப்பலகையின் தலையை மூடுமாறு அடிப்பதால், மழைநீர் உள்ளே புகாமல் வழிந்தோடுகிறது.

இத்தகைய வீடுகளை அந்நாட்டு மக்கள் நாடியதற்கு மரம் மலிவாகக் கிடைத்தது மட்டும் காரணமன்று. 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மாலை, ஷில்லாங் பீடபூமியை மையமாகக் கொண்டு பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஷில்லாங்கில் இருந்த கற்கட்டடங்கள் அநேகமாக அனைத்தும் தரைமட்டமாயின. 1,500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; மக்கள் பலர் வீட்டுக்கு வெளியே இருந்த மாலை வேளையாதலின் உயிர்ச்சேதம் அந்த அளவோடு நின்றது என்பர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஓல்ட்ஹாம் அதைப் பற்றி விரிவான ஆய்வு நூல் ஒன்றை 1899-இல் வெளியிட்டார். அதற்குப் பின்னர் அப்பகுதியில் கனமான கற்சுவரைக் கைவிட்டு, மரச்சட்டமும் நாணலும் தகரமும் கொண்ட வீடுகளைப் பரவலாகக் கட்டலாயினர். 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் 8.6 அளவுள்ள மற்றொரு பெரும் நிலநடுக்கம் அஸ்ஸாமை உலுக்கியது.

அண்மைக்கால அனுபவமும் இதையே சொல்கிறது. 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் காஷ்மீரத்தில் 7.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. உரி, தங்தார் முதலிய பகுதிகளில் மண்சாந்தில் கட்டிய கற்சுவர் வீடுகள் சரிந்தன. தஜ்ஜி தீவாரி வீடுகள் விரிசல் கண்டும் விழாமல் நின்றதை, அங்கு சென்று ஆராய்ந்த பொறியியல் அறிஞர்கள் பதிவு செய்தனர். கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பாலும், மறுபடி வீடு கட்டும் திட்டத்தில் இம்முறை அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டு, பல்லாயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் சிக்கிமில் 6.9 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தபோதும், பழைய இக்ரா வீடுகள் பெரும்பாலும் சிறு சேதத்தோடு தப்பின. முறைப்படி கட்டாத கான்கிரீட்டு மாடிக் கட்டடங்கள் பல பெரிதும் சேதமுற்றன.

இதன் காரணம் எளிது. நிலம் அசையும்போது வீட்டின்மேல் விழும் விசை, வீட்டின் எடைக்கு ஏற்ப அமைகிறது. எடை குறைந்தால் விசையும் குறையும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். அதை 23 சென்டிமீட்டர் கனத்தில் செங்கல்லால் கட்டினால் 5 டன்னுக்கு மேல் எடை இருக்கும். நான்கு விரற்கடை கனமுள்ள தஜ்ஜிச் சுவர் அதில் பாதிகூட இராது. இக்ராச் சுவரோ அதில் ஒரு சிறு பகுதியே. இரண்டாவது காரணம், மரமும் அதன் இணைப்புகளும் சிறிது வளைந்து கொடுக்கும். மூன்றாவதாக, தஜ்ஜிச் சுவரின் சிறு கட்டங்களில் உள்ள கற்கள் மண்சாந்தில் ஒன்றோடொன்று உராய்ந்து, நிலம் தரும் அதிர்ச்சியைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு விடுகின்றன. ஒரு கட்டத்தில் தோன்றும் விரிசல் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் நடுவிலுள்ள மரம் தடுக்கிறது. சாந்து உதிர்ந்தால் மறுநாள் பூசிக்கொள்ளலாம். வீட்டில் உள்ளவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

2002-ஆம் ஆண்டின் நிலநடுக்க மண்டல வரைபடம் அஸ்ஸாம், மேகாலயம் முதலிய வடகிழக்கு மாநிலங்களையும், ஸ்ரீநகரையும், அந்தமான் நிகோபார் தீவுகளையும் மிகுந்த அபாயமுள்ள ஐந்தாம் மண்டலத்தில் வைத்தது. சென்னை அதில் மூன்றாம் மண்டலத்தில் இடம் பெற்றது. நம் ஊரில் நாம் கற்ற பாடம் பொய்யன்று. அது நம் ஊர் நிலத்துக்கு உரிய பாடம். நிலம் மாறினால் பாடமும் மாற வேண்டும்.

மரச்சட்டச் சுவர் ஒன்றை எழுப்பும் வரிசையைச் சுருக்கமாகக் கூறுவோம். மேலே சொன்ன 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள சுவரையே கொள்வோம். முதலில் அடித்தளத்தின் மேல்முகத்தை ரசமட்டம் வைத்துச் சமன் செய்ய வேண்டும். கட்டும்போதே அதில் மரையாணிகளைப் பதித்துவிட வேண்டும். ஈரம் ஏறாத பூச்சோ தகடோ இட்டு, அதன்மேல் அடிக்கட்டை வரும். அடிக்கட்டையையும் மேற்கட்டையையும் பக்கத்தில் பக்கமாகப் படுக்க வைத்து, கால்கள் வரும் இடங்களை இரண்டின் மேலும் ஒருசேரக் கோடிட்டுக்கொண்டால் பிசகு நேராது. 50 சென்டிமீட்டர் இடைவெளியாயின், மூலைத்தூண் இரண்டும் இடைக்கால் ஏழுமாக மொத்தம் 9 கோடுகள் வரும். தரையில் கிடத்தியபடியே சட்டத்தைப் பூட்டி, மூலைக்கு மூலை கயிறு பிடித்துக் குறுக்களவு பார்க்க வேண்டும். இரண்டு குறுக்களவும் சமமாயிருந்தால் மூலைகள் நேர்கோணம். இந்த அளவுள்ள சட்டத்தில் ஒவ்வொன்றும் சரியாக 5 மீட்டர் வரும். அளவு சரியான பின்னரே சாய்கட்டையை அறைய வேண்டும். கோணலான சட்டத்தில் சாய்கட்டையை அறைந்தால் கோணலே நிலைத்துவிடும். பிறகு சட்டத்தை நிமிர்த்தி, அடித்தளத்தில் பதித்த மரையாணிகளோடு பூட்டி, தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்துப் பார்த்து, தற்காலிகமாக முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். அடுத்த சுவரும் எழுந்தபின், மூலைத்தூண்களைச் சேர்த்துப் பிணைத்து, மேற்கட்டைகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படியுமாறு இணைத்தால், நான்கு சுவரும் ஒரு பெட்டியாகிவிடும். தனிச் சுவர் விழும். பெட்டி எளிதில் விழாது.

மரத்துக்குப் பகைகள் மூன்று. முதலாவது ஈரம். மரத்தில் உள்ள ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருக்கும் வரையில் அதில் பூஞ்சணம் பற்றி மரம் உளுத்துப் போவதில்லை. ஆதலின் பச்சை மரத்தைப் பயன்படுத்தாமல் நன்கு உலர்ந்த மரத்தையே கொள்ள வேண்டும். தரையிலிருந்து அடிக்கட்டை 45 சென்டிமீட்டராவது உயர்ந்திருப்பதும், கூரையின் இறவாணம் சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருப்பதும் நலம். இரண்டாவது கரையான். அது மண்ணில் சுரங்கம் செய்துகொண்டு வருவது. அடித்தளத்தின் மேல் மண்கோடு ஏறுகிறதா என்று ஆண்டுக்கு இரு முறையேனும் பார்க்க வேண்டும். விறகையும் பழைய பெட்டிகளையும் சுவரோரம் அடுக்கிவைத்தால், அந்த மண்கோடு நம் கண்ணுக்குப் படாது. மூன்றாவது தீ. அடுப்புக்குப் பின்புறம் செங்கல் அல்லது கல் மறைப்பு வேண்டும். மின்கம்பிகளைக் குழாய்க்குள் விட வேண்டும். பழுதான கம்பியை இன்றே மாற்ற வேண்டும்.

இவ்வகை வீட்டில் குடியிருப்போரும் அதை வாங்க எண்ணுவோரும் சிலவற்றைச் சோதித்தறியலாம். மழைக்காலம் முடிந்ததும் அடிக்கட்டையைக் கூரான கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். கம்பி எளிதாக இறங்கினால் அங்கே மரம் உளுத்திருக்கிறது. கதவு திடீரென்று நிலையில் இடித்தால் சட்டம் சாய்ந்திருக்கக்கூடும். கூரைத் தகட்டையும் கைமரத்தையும் மேற்கட்டையையும் பிணைக்கும் ஆணிகளும் பட்டைகளும் துருவேறியிருக்கின்றனவா என்று காண வேண்டும். புதிய வாயில் திறக்கவோ அலமாரி பதிக்கவோ மிஸ்திரி சாய்கட்டையை அறுக்க முற்பட்டால் உடனே தடுக்க வேண்டும். அதை அறுக்காமல் வேலை முடியாது என்றால், அதற்கு ஈடாக அருகிலுள்ள கட்டத்தில் வேறொரு சாய்கட்டையை முதலில் அறைந்துவிட்டுப் பிறகு அறுக்கச் சொல்லலாம். நாணற் சுவரை எடுத்துவிட்டுச் செங்கல்லை வைப்பதும், மெல்லிய கால்களின் மேல் பெரிய தண்ணீர்த் தொட்டியை ஏற்றுவதும் தகா. சட்டத்தோடு பிணையாத அரைச் செங்கற் சுவர், நிலம் அசையும்போது அறைக்குள்ளேயே சரிந்து விழும்.

மரச்சட்டம் எல்லா இடத்துக்கும் எல்லாத் தேவைக்கும் ஏற்றது என்று நாம் சொல்லவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1993-இல் வெளியிட்ட 4326-ஆம் எண்ணுள்ள விதித்தொகுப்பு, நிலநடுக்கப் பகுதிகளில் மரக்கட்டடம் இரண்டு தளங்களுக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்றே கூறியது. பல தளங்கள் வேண்டுமாயின், தகுதி வாய்ந்த பொறியாளரைக் கொண்டு முறையான கான்கிரீட்டுக் கட்டடம் எழுப்புவதே வழி. உளுத்துப்போன மரச்சட்டமும் ஆபத்துத்தான். நல்ல மரம் இன்று விலையேறியிருப்பதும் உண்மை. எந்தப் பொருளில் கட்டினாலும், உறுப்புகள் பிணைந்திருக்கின்றனவா, பாரம் தடையின்றிப் பூமிக்கு இறங்குகிறதா, பக்கத்திலிருந்து தள்ளினால் தாங்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். மரச்சட்டச் சுவர் அந்த விடைகளைக் கண்ணுக்குத் தெரியுமாறு காட்டுகிறது. அதனால் கட்டடக் கலையின் அரிச்சுவடியை அதனிடம் கற்பது எளிது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. வேற்று நாட்டில் சென்று வாழ்பவர் அந்நாட்டு மொழியைக் கற்கிறார், உணவைப் பழகிக்கொள்கிறார், அவ்வூர்ச் சந்தையின் நடைமுறையையும் அறிந்துகொள்கிறார். தம்மையும் தம் மக்களையும் இரவும் பகலும் காத்து நிற்கும் சுவரின் அமைப்பையும் அவர் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு அதிகம் வேண்டுவதில்லை. அடுத்த விடுமுறை நாளில் வீட்டை ஒரு முறை சுற்றி வந்து, அடிக்கட்டை எங்கே, தூண்கள் எங்கே, சாய்கட்டை எந்தத் திசையில் செல்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால், அதுவே நல்ல தொடக்கம்.